நாமகிரித் தாயாரும் ஈரோட்டுப் பாட்டியும்

ஸ்ரீ:

ஆண்டிபட்டிக்கு அருகே ஜம்புலிபுத்தூரில் கோயில் கொண்டருளியிருக்கும் கதலி நரசிங்கப் பெருமாளின் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தேர் வீதிக்கு எழுந்தருளும் வேளையில், பேரக்குழந்தையை இடுப்பில் ஏந்திய அம்மாச்சிமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வருவார்கள். குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்து, அதன் காதில் ஏதோ சொல்வார்கள். இந்த வயதில் அதற்கு என்ன விளங்கும் என்று பக்கத்தில் நிற்பவர் நகைப்பதும் உண்டு.

அவ்வாறு நகைப்பவர்கள் ரங்கம்மாள் என்னும் அம்மையாரைப் பற்றி அறிந்திருக்க மாட்டார்கள். கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் தாயைப் பெற்ற பாட்டி அவர். கணவர் நாராயண ஐயங்கார் ஈரோடு முனிசீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். அக்குடும்பத்தின் இஷ்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். அங்கே மலையைக் குடைந்த குகையில் நரஸிம்மன் வீற்றிருக்கிறான். தாயாருக்குத் தனி ஸந்நிதி. எதிரே 18 அடி உயர ஆஞ்சநேயர், தலைக்குமேல் கூரையின்றி வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார்.

ரங்கம்மாள் தாயாரைத் தியானித்து மெய்மறந்து போவார் என்றும், அந்நிலையில் தாயாருடன் பேசுவார் என்றும் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். பேரன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மகள் வயிற்றுப் பிள்ளையின் வாயிலாகத் தாயார் ஒரு நாள் பேசப் போகிறாள் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டதாம். ஆவேசத்தில் பிறக்கும் வாக்குகளையெல்லாம் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும்படி பெரியோர்கள் சொல்லவில்லை. அதைப் பற்றி வாதிக்கவும் இது இடமன்று. அவ்வாக்கை ஒரு குடும்பம் எப்படிச் சுமந்தது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

மகள் கோமளத்தம்மாளைக் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தாவான ஸ்ரீநிவாஸ ஐயங்காருக்கு மணமுடித்தார்கள். சில ஆண்டுகள் பிள்ளையில்லை. தாயாரிடம் வேண்டிக்கொண்டார்கள். 22-12-1887 வியாழக்கிழமை, மார்கழி மாதத்தில், ஈரோட்டில் பாட்டி வீட்டிலேயே ராமாநுஜன் பிறந்தார். இரண்டு வயதில் பெரியம்மை கண்டது, பிழைத்தார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஓராண்டு நிறைவைக் காணாமலே போய்விட்டன. வாக்கருளிய தாயாரிடம் அந்த வீடு முகம் திருப்பிக்கொண்டிருந்தால் அதைக் குறை சொல்ல யாரால் முடியும்? ஆனால் 1898-இல் பிறந்த பிள்ளைக்கு அவர்கள் இட்ட பெயர் லக்ஷ்மி நரஸிம்மன்!

ஸ்ரீமத் பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில் ப்ரஹ்லாதன் தன் அசுரத் தோழர்களிடம் ஒன்று சொல்கிறான். நாரதர் உபதேசித்தது தன் தாய் கயாதுவுக்கு. காலம் சென்றதால் அவள் அதை மறந்துவிட்டாள். கருவிலிருந்து கேட்ட தனக்கு மறக்கவில்லை என்கிறான். அவனுக்கும் ஒரு பாட்டி உண்டு, திதி. ஹிரண்யாக்ஷன் மாண்டபோது அழுதவள். அவ்வீட்டில் பேரனே பகவானை அறிந்தவன். ஈரோட்டு வீட்டிலோ பாட்டி கேட்டாள், மகள் காத்தாள், பேரன் பேசினான்.

தாயார் கனவில் ஸூத்ரங்களைக் காட்டியதாக ராமாநுஜன் தம் நண்பர்களிடம் சொன்னதுண்டு. அதைச் சொல்லி அவர் பட்ட பாட்டை மறைத்துவிடலாகாது. காகிதத்துக்குப் பணமின்றி, சிலேட்டில் எழுதி முழங்கையாலேயே அழித்து, இரவு பகலாகக் கணக்குப் போட்டவர் அவர்.

1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி துரை அழைத்தார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம்; தாய் சம்மதிக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ராமாநுஜன் நாமக்கல் சென்று மூன்று இரவுகள் கோயிலிலேயே படுத்திருந்தார். மூன்றாம் இரவில் விழித்தெழுந்து, உடன் வந்த நண்பர் நாராயண ஐயரை எழுப்பி, உத்தரவாகிவிட்டது என்று சொன்னாராம். கோமளத்தம்மாளும் ஒரு கனவு கண்டார். மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே அமர்ந்திருக்க, அவன் வழியில் குறுக்கே நிற்காதே என்று தாயார் பணித்தாள். அன்னையிடம் பாட்டி கேட்டிருந்த வாக்கு இல்லாமல் அந்த மகளுக்கு இப்படியொரு கனவு வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 17-3-1914 அன்று சென்னையில் கப்பல் புறப்பட்டது.

1918-இல் லண்டன் ராயல் ஸொஸைட்டியின் அங்கத்தினர் என்ற பெருமை. 1919-இல் உடல் நலிந்து திரும்பினார். 26-4-1920 அன்று சென்னை சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில் பரமபதித்தார்.

இனிச் சொல்ல வேண்டியது மனத்துக்கு உவப்பானதன்று. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கடல் கடந்தவர், ராமேஸ்வரம் சென்று ப்ராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்று உறவினர் பலர் அந்திமக் கிரியைக்கு வரவில்லை. செய்துகொள்ள அவர் உடல் இடந்தரவில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். பௌதாயன தர்மஸூத்ரத்தில் கடற்பயணம் விலக்கப்பட்டிருப்பது உண்மையே. அதைப் படித்தவர்கள் அன்று வாசலோடு நின்றுவிட்டார்கள். எழுத்தறிவு எவ்வளவு இருந்ததோ தெரியாத ஒரு பாட்டிக்கு எட்டிய திருவுள்ளம் அவர்களுக்கு எட்டவில்லை. தாயாரே போகச் சொன்னபின் எவரிடம் ப்ராயச்சித்தம் கேட்பது?

கும்பகோணம் செல்வோர் சார்ங்கபாணி ஸந்நிதித் தெருவில் ராமாநுஜன் வளர்ந்த சிறு வீட்டை நினைவில்லமாகக் காணலாம். நாமக்கல் செல்வோர் நரஸிம்மனை ஸேவித்துவிட்டு ஆஞ்சநேயரிடம் விரையாமல், தாயார் ஸந்நிதியில் சற்று நின்று வரலாம். ரங்கம்மாள் மனம் நின்ற இடம் அது.