ஒற்றாடலும் கண்ணோட்டமும்: செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டைக் கண்காணிப்பதன் அறம் - வண்டன்மேட்டுச் சூழலை முன்வைத்து

முன்னுரை

ஐயுறுதல் ஆள்வோனின் கடமையா, ஆளப்படுவோனுக்கு இழைக்கப்படும் தீங்கா என்னும் வினா தமிழ் அறநூல் மரபில் பழமையானது. அவ்வினா இன்று புதியதொரு களத்தில் எழுந்துள்ளது. மேகக் கணிமை வழியாகச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வழங்கும் நிறுவனங்கள், அவற்றை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதைக் கண்காணிக்கின்றன. ஐயத்திற்குரிய பயன்பாடு தென்படின் கணக்கை முடக்குகின்றன. இச்செயல் எவ்வளவில் அறமாகும், எவ்விடத்தில் அறம் பிறழும் என்பதை, இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை அடுத்துள்ள வண்டன்மேட்டின் வாழ்வியலையும் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தையும் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்காணிப்பின் தேவை

கண்காணிப்பே கூடாது என்பார் கூற்று ஏற்புடையதன்று. வாடிக்கையாளர்களின் அணுகல் சாவிகளைத் திருடி, தன் செயற்கை நுண்ணறிவுச் சேவையுள் நுழைந்து, அந்நுழைவுரிமையைப் பிறருக்கு விற்ற ஒரு குழுவினர்மீது மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024 திசம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பிறர் இசைவின்றி அவர்தம் ஆபாசப் படங்களை உருவாக்கவும் அவ்வழி பயன்பட்டது. சாவிக்கு உரியவர் அறியாமலே அவர் பெயரில் குற்றம் நிகழ்ந்தமையால், கண்காணிப்பு இங்கு அவருக்கும் காவலாகிறது.

2025 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் கண்டறிந்த நிகழ்வு மேலும் நுட்பமானது. சீன அரசின் சார்புடையோர் என அந்நிறுவனம் கருதும் ஒரு குழுவினர், தம்மை இணையப் பாதுகாப்புப் பணியாளர் எனக் கூறிக்கொண்டு, ஏறத்தாழ 30 நிறுவனங்களைத் தாக்க அதன் மாதிரியைப் பயன்படுத்தினர். அவர்கள் தம் செயலைச் சிறுசிறு பணிகளாகப் பிரித்து அளித்தனர். தனித்து நோக்குங்கால் அப்பணிகள் குற்றமற்றனவாகத் தோன்றின. தொகுத்து நோக்கியபோதே தாக்குதல் புலப்பட்டது. ஒரு சொல்லையோ ஒரு வினாவையோ கொண்டு குற்றத்தை அறிய இயலாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஏலக்கூடமும் சோதனைச்சாவடியும்

வண்டன்மேட்டு மக்கள் இருவகைக் கண்காணிப்பை அறிந்தவர்கள். ஒன்று ஏலக்காய் ஏலக்கூடம். 2007ஆம் ஆண்டு முதல் நறுமணப் பொருள் வாரியம் அறிமுகப்படுத்திய மின்னணு ஏலத்தில், கேட்கப்படும் விலை ஒவ்வொன்றும் கணினியில் பதிவாகிறது. அங்குப் பதிவாவது வணிகரின் விலை. அவருடைய வீட்டுப் பேச்சன்று. விதி முன்னரே அறிவிக்கப்பட்டுள்ளது. விற்பவர், வாங்குபவர் இருவர்க்கும் அது பொது.

மற்றொன்று சோதனைச்சாவடி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டப் பணிக்காக நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறும் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் கம்பமெட்டுச் சாவடியைக் கடக்கின்றனர். அங்குச் சோதனைக்குக் காரணமாவது எல்லையைக் கடத்தல் என்னும் ஒன்றே. குற்றம் செய்தாரும் செய்யாதாரும் அங்கு ஒரு நிலையினர். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சாவடிகள் நீக்கப்பட்டன. காவல், கலால் சோதனைகள் தொடர்கின்றன. நோக்கம் நீங்கியவழிக் கண்காணிப்பும் நீங்குதல் வேண்டும் என்னும் நெறியை இம்மாற்றம் உணர்த்துகிறது.

செயற்கை நுண்ணறிவைக் கண்காணித்தல் இவ்விரண்டனுள் எதனைப் போன்றது? அணுகல் சாவி, நேரம், பயன்பாட்டின் அளவு ஆகியவற்றை மட்டும் நோக்குங்கால் அது ஏலக்கூடத்தை ஒக்கும். வினவுவோரின் சொற்களுள் புகுந்து அவர் உள்ளத்தை அளக்க முயலுங்கால் அது சாவடியினும் கடியதாகும். சாவடியில் திறக்கப்படுவது பை. இங்குத் திறக்கப்படுவது எண்ணம்.

மொழியின்மீது விழும் ஐயம்

இவ்விடத்துத் தமிழுக்குரிய சிக்கல் ஒன்று எழுகிறது. ஏலச்செடியைத் தாக்கும் இலைப்பேனையும் தண்டுத்துளைப்பானையும் ஒழிக்க உழவர் தெளிப்பதை வழக்குமொழி ‘மருந்து’ என்கிறது. நூல்மொழி ‘பூச்சிக்கொல்லி’ என்கிறது. இம்மருந்தின் அளவையும் கலவையையும் உழவர் ஒருவர் வினவுவதாகக் கொள்வோம். சொற்களை மட்டும் எடையிடும் கருவி நூல்மொழியில் ‘கொல்லுதலை’க் காணும், வழக்குமொழியில் மனிதர் உண்ணும் மருந்தைக் காணும். இரண்டும் பிழையே.

மேலும், ஆங்கிலத்தையே பெரிதும் கற்ற மாதிரிகள் பல, ஒரே கருத்தைத் தமிழில் எழுதும்போது அதனைப் பன்மடங்கு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. பயன்பாட்டின் அளவே ஐயக்குறி எனின், தமிழில் எழுதுதலே ஐயக்குறியாகிவிடும். காலையில் கம்பத்திலும் பகலில் வண்டன்மேட்டிலும் இருப்பவரை, இடமாற்றம் கண்டு ஐயுறும் முறையும் இத்தகையதே. செயலை நோக்க வேண்டிய கண்காணிப்பு, மொழியையும் வாழிடத்தையும் நோக்கத் தொடங்குமிடத்து அறம் பிறழ்கிறது.

வள்ளுவர் காட்டும் நெறி

வள்ளுவர் ஒற்றாடலை விலக்கவில்லை; வினைசெய்வார், சுற்றத்தார், பகைவர் என அனைவரையும் ஆராய்தல் ஒற்றின் தொழில் என்கிறார். ஆயினும் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஆராய்தல் வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்றும் வரையறுக்கிறார். ஒற்றனின் சொல் அவருக்கு ஆய்வின் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று. கருவியொன்றின் ஐயத்தைக் கொண்டே கணக்கை முடக்குதல் இந்நெறிக்கு மாறானது. ஒற்றாடலுக்கு முன்னுள்ள அதிகாரம் கண்ணோட்டமாக அமைந்திருத்தலும் நோக்கத்தக்கது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் கூறும் மன்னன் முறைசெய்யும் கடப்பாடு உடையவன். முறைவேண்டுவோர் எளிதில் காணமாட்டாத மன்னன் தானே கெடுவான் எனச் செங்கோன்மை எச்சரிக்கிறது. இன்றைய கண்காணிப்பாளரோ தொலைநாட்டு நிறுவனம். வண்டன்மேட்டு உழவர் தம் வழக்கைத் தம் மொழியில் எடுத்துரைக்க அங்கு வாயில் உண்டா என்பதே அறத்தின் உரைகல். அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென 2017 ஆகஸ்டு 24இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அரசின் தலையீட்டிற்குச் சட்டமும் தக்க நோக்கமும் அளவொப்பும் வேண்டும் என்றது. அரசுக்குக் கூறிய அவ்வளவுகோல் அறநோக்கில் நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

முடிவுரை

கண்காணிப்பு, செயலை நோக்கி, அறிவிக்கப்பட்ட நோக்கத்திற்குட்பட்டு, மறு ஆய்வுக்கு இடந்தந்து நிகழுமாயின் அது காவலாகும். ஆளையும் மொழியையும் நோக்கி நிகழுமாயின் அது தண்டனையாகும். ஐயுறும் உரிமையுடையோர்க்கு, ஐயம் பொய்த்தவழி விடைகூறும் கடமையும் உண்டு. அக்கடமையை ஏலாத கண்காணிப்பை, ஒற்றாடல் என்று கூறவும் வள்ளுவம் இடந்தராது எனலாம்.