எந்தப் பாகத்தில் இருக்கிறது ரைஃபிள்?

ரெமிங்டன் 700 ஆக்‌ஷன் ஒன்றைத் தனியாகக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எஃகு உருளையிலிருந்து கடைந்தெடுத்த, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான குழாய். அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட். பேரல் இல்லை, கட்டை இல்லை, டிரிகர் இல்லை. முன்பக்கம் பேரலைத் திருகி மாட்டுவதற்கான மரை. இடப்பக்கம் பொறித்த ஒரு வரிசை எண். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் கண்ணில் இந்தக் குழாய்தான் துப்பாக்கி. வேறு மாநிலத்துக்காரரிடமிருந்து வாங்கினால் உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகவே வர வேண்டும். படிவம் 4473ஐ நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். தோட்டா சீறிப் பாயும் பேரலுக்கு அந்தச் சட்டம் இப்படி எதையும் கேட்பதில்லை. அது பார்சலில் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். போல்ட்டும் அப்படியே.

ஒரு பாகத்துக்கு மட்டும் முழுப் பொருளின் பெயரைச் சூட்டியது தத்துவ விசாரமல்ல, நிர்வாகச் சலிப்பு. 1938ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் துப்பாக்கி என்றே கொண்டது. ஒவ்வொரு சின்ன உறுப்புக்கும் கணக்கு வைத்து மாளாது என்று தெரிந்தபின், 1968இல் வந்த சட்டம் ஆக்‌ஷனின் உடலான ரிசீவரில் கொண்டுபோய்ப் பெயரை நிறுத்தியது.

போட்டியில் சுடுகிறவர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். .308 வகைத் தோட்டாவுக்கான பேரல் ஒன்று ஏறக்குறைய 5,000 தோட்டாக்களில் தொண்டை கருகி, குறி சிதறத் தொடங்கும். இன்னும் சூடான தோட்டா வகைகளில் அதில் பாதிகூடத் தாங்காது. ஆகவே நெடுந்தூரப் போட்டிக்காரருக்குப் பேரல் என்பது செலவாகித் தீரும் சரக்கு. கட்டையை உடல்வாகுக்கேற்ப மாற்றுவார்கள், டிரிகரை விரலுக்கேற்ப மாற்றுவார்கள். எல்லாம் போனபின்னும் நிற்பது ஆக்‌ஷன். பழைய ஆக்‌ஷனைத் தேடி வாங்குவதில் ஒரு கூட்டம் ஆர்வமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

வாங்குகிறவர் முதலில் போல்ட்டை உருவி அதன் தலையைப் பார்ப்பார். அங்கே பூட்டிக்கொள்ளும் இரு புடைப்புகள் உண்டு. அவற்றை லக் என்பார்கள். இரண்டின் பின்முகமும் ஒரே அளவில் தேய்ந்து பளபளத்தால் நல்லது. ஒன்று மட்டும் பளபளத்து மற்றதில் கறுப்பு அப்படியே இருந்தால், சுடும்போது வரும் அழுத்தம் முழுவதையும் ஒரே லக் தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு போல்ட்டின் முகத்தில் ஊசித் துளையைச் சுற்றிப் புகைந்து அரித்த குழிகள் உண்டா, மரை சிதையாமல் இருக்கிறதா, கடைசியாக எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். வாங்கியதும் அது லேத் பட்டறைக்குப் போகும். அங்கே முகத்தைச் சீவி நேராக்கி, மரையைப் புதுக்கி, லக் உட்காரும் இடத்தையும் ஒட்ட உரசிச் சரிசெய்வார்கள். அதாவது, மாறாதது என்று நம்பி வாங்கிய அந்த ஒரே பாகத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்படி மாற்றிக்கொண்டே போனால், மாறாமல் இருப்பது எது?

மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் மெனாண்டர், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன். தேரில் வந்ததாகச் சொன்ன அவனை நாகசேனர் என்ற பிக்கு மடக்கிய கதை ‘மிலிந்த பஞ்ஹ’த்தில் வருகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று பிக்கு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அரசன் இல்லை இல்லை என்கிறான். எல்லாம் சேர்ந்ததா? அதுவும் இல்லை. இவற்றுக்கு அப்பாற்பட்டதா? அதுவும் இல்லை. கடைசியில், பாகங்களை முன்னிட்டு வழங்கும் ஒரு பெயர்தான் தேர் என்று அரசன் வாயாலேயே வரவழைத்து, நாகசேனன் என்ற ஆளும் அப்படித்தான் என்று முடிக்கிறார். 1938லிருந்து 1968க்கு நகர்ந்த அமெரிக்கச் சட்டம் இதற்கு நல்ல சாட்சி. எஃகில் எந்த மாற்றமும் இல்லை, பெயர் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை ஒப்பவில்லை. அவயவங்கள் வேறு, அவை சேர்ந்து உண்டான அவயவி வேறு என்பது அவர்கள் கட்சி. ஒரு பொருளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் பொருளும் கூடவே வருகிறதே, வெறும் குவியலாக இருந்தால் வருமா என்று நியாய சூத்திரம் வாதிடுகிறது. எளிய வாதம்தான், ஆனாலும் அசைப்பது கடினம். ஆனால் இந்தக் கட்சிக்கு ஒரு விலை உண்டு. ஒரு நூலை உருவி வேறு நூல் கோத்தால் பழைய துணி அழிந்து புதுத் துணி பிறக்கிறது என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்; சொல்லவும் செய்தார்கள். அந்தக் கணக்கில், பேரல் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய எண்ணோடு ஒரு புது ரைஃபிள் பிறக்கிறது.

இருவரில் யார் சரி என்பதற்குப் பட்டறை மேசையிலேயே ஒரு தடயம் கிடக்கிறது. ஹெட்ஸ்பேஸ் என்று ஓர் அளவு உண்டு. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் பேரலின் அறையில் தோட்டாவின் தோள் முட்டும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. .308க்கு 1.630 அங்குல கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 1.634 அங்குல கேஜை வைத்தால் மூடக் கூடாது. அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, அவ்வளவே இடைவெளி. அளவு மிகையானால் சுடும்போது தோட்டாக் கூடு பிளந்து, சூடான வாயு பின்பக்கம் பாயலாம். இந்த அளவு போல்ட்டில் இல்லை, பேரலில் இல்லை, ரிசீவரிலும் இல்லை. மூன்றும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்போதுதான் தோன்றுகிறது. பேரலைக் கழற்றினால் மறைகிறது. பெயர் வழக்கால் வருவது என்ற மட்டில் நாகசேனர் வென்றார். ஆனால் சேர்க்கையில் பிறப்பது வெறும் பெயர் என்றால், சுடுகிறவரின் கண் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே நையாயிகர் பக்கம் சாய்வதே விவேகம்.

பலகை பலகையாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்ற பழைய புதிரை 1655இல் ஹாப்ஸ் இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸுடையது என்று கேட்டார். துப்பாக்கிச் சந்தையில் இது நடக்கக்கூடிய காரியம். கோப்பை வென்ற ரைஃபிளின் ஆக்‌ஷனை ஒருவர் வாங்குகிறார். அதே பேரலையும் கட்டையையும் டிரிகரையும் வாங்கி வேறொரு 700இல் பூட்டுகிறார் இன்னொருவர். வென்ற தோட்டாக்கள் கடந்து போன குழல் இரண்டாமவரிடம். எண் முதலாமவரிடம். வெற்றிச் சரித்திரத்துக்கென்று கூடுதல் விலை கேட்டால் முதலாமவர் யோசிப்பது நல்லது. சட்டம் எண்ணின் பக்கம் நிற்கும். குறிப்பலகை அப்படி நிற்காது.

இங்கிலாந்து பெயரை இப்படி ஓரிடத்தில் குவிக்கவில்லை. 2017இல் திருத்திய சட்டம் பேரல், ரிசீவர், போல்ட் முதலிய அழுத்தம் தாங்கும் பாகங்களைத் தனித்தனியே கட்டுப்பாட்டுக்குள் வைக்கிறது. பிஸ்லி மைதானத்தில் சுடுகிறவர் உதிரிப் பேரல் வாங்கினாலும் அது அவருடைய சான்றிதழில் ஏறியாக வேண்டும். தேரின் அச்சும் தேர், சக்கரமும் தேர்!

அமெரிக்காவில் தகராறு இப்போது பொருளின் பிறப்புக்கு நகர்ந்திருக்கிறது. முழுதாகக் கடையாத ரிசீவர், ரிசீவர் ஆகுமா? 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில், சிலவகை அரைகுறைப் பாகங்கள் ரிசீவர் ஆகும், பூட்டிக்கொள்ளும் சிலவகைத் தொகுப்புகள் துப்பாக்கியே ஆகும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், முடியாத கைப்பிரதியையும் நாவல் என்கிறோம், பூட்டாமல் பெட்டியில் இருக்கும் ஐகியா மேசையையும் மேசை என்கிறோம் என்று உதாரணம் காட்டினார். தாமசும் அலிட்டோவும் மறுத்தார்கள்.

சாவுக்கு மட்டும் விதி தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ரிசீவரை இரண்டாக ரம்பத்தால் அறுத்துவிட்டால் போதாது, மீண்டும் பற்றவைத்துவிடலாம். உருக்கலாம், நசுக்கலாம், வெட்டுவதானால் கேஸ் கட்டிங்கில் குறித்த இடங்களில் வெட்டி, ஒவ்வோரிடத்திலும் குறைந்தது கால் அங்குல உலோகம் இல்லாமல் போக வேண்டும் என்கிறது அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறை.