கப்பல் மூழ்கும்போது எதை எறிவது?



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் வந்து என் அருகில் உட்கார்ந்தார். சிறிய அளவில் தொழில் நடத்துபவர். "ஹஜ்ரத், தொழில் நஷ்டத்தில் போகிறது. பத்துப் பேரை நிறுத்தினால் மீதி முப்பது பேர் பிழைப்பார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் மூழ்கிவிடுவோம். இது கூடுமா?" என்று கேட்டார். மூழ்கிவிடுவோம் என்று அவர் சொன்னதும், மதரஸாவில் ஓதிய ஒரு பழைய மஸ்அலா எனக்கு நினைவுக்கு வந்தது. இன்று அதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

கப்பலை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகக் குர்ஆனில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். நூஹ் (அலை) அவர்களோடு மனித குலம் பிழைத்ததும் கப்பலில்தான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களுக்கு அரபு வணிகர்கள் வந்ததும் மரக்கலங்களில்தான். மாலுமி என்ற சொல்லே முஅல்லிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் கப்பல் ஏறிய மனிதனுக்குக் கரையில் இல்லாத ஒரு கேள்வி வந்தது. புயல் அடிக்கிறது, பாரம் குறைய வேண்டும். யாருடைய சரக்கைக் கடலில் எறிவது? ரோட்ஸ் தீவின் வழக்கத்திலிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்ட சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. எல்லோரையும் காப்பாற்ற எறியப்பட்ட பொருளின் நஷ்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021 இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டி நின்றதே, அதை மீட்ட செலவில் பங்கு தரும்படி அதில் சரக்கு ஏற்றியவர்களிடமும் இந்த அடிப்படையில்தான் கேட்டார்கள். நம் ஃபுகஹாக்களும் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நஷ்ட ஈட்டை யார் தருவது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உயிரைக் காக்கப் பொருளை எறியலாம் என்பதில் சிக்கல் இல்லை.

சரக்கெல்லாம் எறிந்த பிறகும் கப்பல் தாழ்ந்தால்? ஒரு மனிதரைத் தள்ளிவிட்டால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்றால்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அல்முஸ்தஸ்ஃபாவில் இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டு, கூடாது என்கிறார்கள். கப்பலில் இருப்பவர்கள் எண்ணிக்கைக்கு உட்பட்ட சிலர்தாம். அதை ஒட்டுமொத்த சமுதாயத்தின் நலனாக ஆக்க முடியாது. அதோடு, இன்னார்தான் மூழ்க வேண்டும் என்று எவரும் குறிப்பாகவில்லை. சீட்டுக் குலுக்கலாமே என்றால், அதற்கு இங்கே ஆதாரம் இல்லை. யூனுஸ் (அலை) அவர்கள் விஷயத்தில் சீட்டுக் குலுக்கப்படவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அது அந்த நபிக்கும் அந்தக் காலத்துக்கும் உரியது, மனிதரைக் கடலில் எறிய அது ஆதாரமாகாது என்று இமாம் குர்துபி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். பாரம் குறைப்பது பொருளில்தான். அதற்குப் பிறகு அல்லாஹ்வின் தீர்ப்பை எதிர்பார்த்துப் பொறுமையாக இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், ஓதும் காலத்தில் இது என் மனதில் இறங்கவில்லை. "ஒருவர் போனால் ஐம்பது பேர் பிழைக்கிறார்களே!" என்று உஸ்தாதிடம் வாதாடினேன். "அந்த ஒருவரை யார் தேர்ந்தெடுப்பது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பல வருடங்கள் கழித்து ஸோங் என்ற கப்பலின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது.

1781 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவின் அக்ராவிலிருந்து 442 அடிமைகளை ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது. அந்த அளவுக் கப்பல் தாங்கக்கூடியதைவிட மிக அதிகம். உரிமையாளர்கள் லிவர்பூல் வணிகர்கள். டச்சுக்காரர்களிடமிருந்து பிடிக்கப்பட்ட கப்பல் அது. பழைய பெயர் ஸோர்க். டச்சு மொழியில் அதற்கு அக்கறை, பராமரிப்பு என்று பொருள்! ஜமைக்காவை நெருங்கியவர்கள் அதை வேறு தீவு என்று எண்ணிக் கடந்து போய்விட்டார்கள். தண்ணீர் போதாது என்றார்கள். நவம்பர் 29 அன்று பெண்களையும் குழந்தைகளையும் கடலில் எறியத் தொடங்கினார்கள். பிறகு ஆண்களை. சில நாட்களில் 130க்கும் மேற்பட்டவர்கள். நடுவில் மழையும் பெய்தது. அப்படியும் நிறுத்தவில்லை. டிசம்பரில் கரை சேர்ந்தபோது கப்பலில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

ஏன் எறிந்தார்கள்? நோயில் இறந்தால் காப்பீடு கிடைக்காது. கப்பலைக் காக்க எறிந்த 'சரக்கு' என்றால் தலைக்கு 30 பவுண்டு. 1783 இல் லண்டனில் வழக்கு நடந்தது. கொலை வழக்கு அல்ல, காப்பீட்டு வழக்கு. முதலில் ஜூரி உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மான்ஸ்ஃபீல்ட் பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

கவனித்தீர்களா? அங்கே சீட்டுக் குலுக்கவே இல்லை. எறியப்பட்டவர்களில் ஒரு மாலுமிகூட இல்லை. மனிதரை எறியலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், எறியப்படுவது எப்போதும் கீழ்த்தட்டில் இருப்பவர்தான்.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடவும் முடியாது. ஸன்ஸிபாரின் அடிமைச் சந்தை 1873 வரை நடந்தது. அங்கிருந்து கடல் கடந்து மனிதர்களை ஏற்றிச் சென்ற படகுகளின் சொந்தக்காரர்களில் தொழுகையாளிகள் இருந்தார்கள். 2023 ஜூனில் கிரேக்கக் கடலில் கவிழ்ந்த மீன்பிடிப் படகில் சுமார் 750 பேர் இருந்தார்கள், பிழைத்தது 104 பேர். பெண்களும் குழந்தைகளும் கீழே, படகின் அடித்தளத்தில் இருந்தார்கள்.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். வேலையிலிருந்து நிறுத்துவது கொலை அல்ல. அதைக் கப்பல் மஸ்அலாவோடு அப்படியே கியாஸ் செய்தால் அது என் தவறு. ஒப்பந்தப்படி, பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து நிறுத்துவதை ஹராம் என்று நான் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மூழ்குகிறோம் என்று கப்பலின் பாஷையில் பேசியவர் அவர்தான். எனவே கப்பலின் வரிசையைக் கேட்டேன்.

"முதலில் சரக்கு. நீங்கள் இதுவரை எதை எறிந்தீர்கள், பாய்? போன வருடம் வாங்கிய கார் இருக்கிறதா?"

"இருக்கிறது, ஹஜ்ரத்."

"நீங்கள் மாதம் எடுக்கும் தொகை?"

"அது குறையவில்லை."

"அந்தப் பத்துப் பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள்" என்றார். மக்ரிபுக்கு பாங்கு சொல்லும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.