பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் "வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதே பக்கத்து வீட்டுக்காரர், இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வரும் நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றால் நமக்குக் கூசுகிறது. பார்த்துக்கொள்வதற்கும் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் எல்லாருக்கும் தெரியும். தெருவின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம்?

காவல் என்ற சொல்லுக்குள்ளேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. காப்பாற்றுவதும் காவல், அடைத்து வைப்பதும் காவல். உதவி கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போகிறோம். நீதிமன்றம் ஒருவரைக் 'காவலில்' வைக்கிறது. சங்க அகமரபில், காதல் கொண்ட பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைப்பதற்கு இற்செறிப்பு என்று பெயர். புறநானூற்றின் 86ஆம் பாடலைப் பாடிய பெண்புலவரின் பெயர் காவற்பெண்டு. அதற்குச் செவிலித்தாய் என்று பொருள் சொல்வார்கள். "உன் பாதுகாப்புக்காகத்தான்" என்று ஒருவர் தொடங்கும்போது, அவர் செவிலியாகப் பேசுகிறாரா, சிறைக்காவலராகப் பேசுகிறாரா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆவடி காவலுக்குப் பஞ்சமில்லாத ஊர். டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. விமானப்படை நிலையமும் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் இருக்கின்றன. 2019இல் மாநகராட்சி ஆனது; 2022 ஜனவரியிலிருந்து தனிக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. இருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடியிலும் அம்பத்தூரிலும் தாழ்வான நகர்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. கரண்ட் போனது, போனில் சார்ஜ் தீர்ந்தது. அந்த மாதிரி நேரத்தில் எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், எந்த மாடிப் போர்ஷனில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், யாருக்கு இன்சுலின் தீரப்போகிறது என்று தெரிந்த ஒருவர் தெருவில் வேண்டும். ஒரு பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யாருடைய வண்டியில் வந்து இறங்கினாள் என்பதைச் சரியாகச் சொல்லும் பல தெருக்களால் இதைச் சொல்ல முடிவதில்லை.

2015 வெள்ளத்தின்போது முன்பின் அறியாதவர்கள் சென்னையைத் தாங்கினார்கள். தண்ணீர் சூழ்ந்த தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் தன்னார்வலர்கள் குறித்தார்கள். யாரிடம் தங்க இடம் இருக்கிறது, யாருக்குச் சாப்பாடு வேண்டும் என்ற பட்டியல்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ஓடின. அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் ஏற ஒரு போன் வேண்டும், அதில் சார்ஜ் வேண்டும், நமக்காக நாமே பேசும் பழக்கமும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பெண்கள் எந்த வரைபடத்திலும் வருவதில்லை.

பேரிடர் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதும் இல்லை. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆண்களில் பலர் அந்த நேரம் கடலுக்குள் படகில் இருந்தார்கள். பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள். அலை வந்தபோது பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஆண்பிள்ளைகள் போல நீந்தவும் மரமேறவும் அவர்கள் பழகியிருக்கவில்லை. இதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நீச்சல் வேண்டாம், சைக்கிள் வேண்டாம், இருட்டில் வெளியே வேண்டாம் என்று பாதுகாப்பின் பெயரால் எதையெல்லாம் மறுத்தார்களோ, ஆபத்து வந்தபோது உயிரைக் காத்திருக்கக்கூடியவையும் அவைதான். அடைத்து வைக்கும் காவல் காப்பாற்றும் காவலைப் பலவீனமாக்குகிறது.

இன்று தெருமுனைக்குத் தெருமுனை கேமரா இருக்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்ததற்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதையும் கௌசல்யா வெட்டப்பட்டதையும் கேமரா பதிவு செய்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கேமரா சாட்சியாக உதவலாம். கை நீட்டித் தடுக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் 31.4 சதவீதம் கணவரோ அவருடைய உறவினர்களோ செய்த கொடுமை. கேமராவோ வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்க்கிறது.

தமிழகக் காவல்துறை 2018இல் 'காவலன்' செயலியைக் கொண்டுவந்தது. 2019 டிசம்பரில் கல்லூரிகளில் அதைத் தரவிறக்கச் சொல்லிப் பெரிய இயக்கமே நடந்தது. 2022இல் 'காவல் உதவி' வந்தது. காவலன் செயலி வந்தபோது, பொத்தானை அழுத்தினால் நாம் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். நாம் பதிந்து வைத்த மூன்று பேருக்கும் போகும்படி அமைத்திருந்தார்கள். அந்த மூன்று இடங்களில் யார் பெயரை எழுதுவோம்? பெரும்பாலும் அப்பா, அண்ணன், கணவர். வீட்டாருக்குப் பயந்து ஓடும் பெண் யாரை எழுதுவாள்? அடித்த கணவனின் எண்ணே அங்கே இருந்தால்? தொழில்நுட்பம் நம் உறவுகளை அப்படியே எடுத்துக்கொள்கிறது. புதிய உறவுகளை அது உண்டாக்கித் தராது. சில நிமிடங்களில் வந்து சேரக்கூடியவர் அடுத்த வீட்டுப் பெண். அவர் பெயர் அந்த மூன்றில் இருக்கிறதா?

"அக்கம்பக்கமே வேண்டாம் மேடம், யாருக்கும் என்னைத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு விடுதலை" என்று மாணவிகள் சொல்வதுண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாதி கேட்டு வீடு மறுக்கப்பட்டவருக்கும், விவாகரத்தான பெண்ணுக்கும், வாடகைக்கு இருக்கும் திருநங்கைக்கும் தெரு தம்மைப் பற்றி அறிந்துகொள்வதே ஆபத்தாக இருந்திருக்கிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை முன்வைத்து 2011இல் வெளியிட்ட 'வொய் லாய்ட்டர்' நூலில், பெண்கள் கேட்க வேண்டியது பாதுகாப்பை மட்டுமல்ல, பொதுவெளியில் துணிந்து இறங்கும் உரிமையையும்தான் என்று வாதிட்டார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது, இடுப்பளவு தண்ணீர் வரும்போது, யாருக்கும் நம்மைத் தெரியாத நிலை நம்மைக் கைவிட்டுவிடும்.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அயலார் நம்மைப் பற்றி அறியலாமா என்பதைவிட, அதை எப்படி அறிகிறார்கள் என்பது முக்கியம். ஜன்னல் வழியே எடுத்துக்கொண்ட செய்தி ஒன்று. "எனக்கு ஆஸ்துமா, அவசரம் என்றால் கதவைத் தட்டுங்கள்" என்று நானே கொடுத்த செய்தி வேறொன்று. கொடுத்ததை நான் திரும்பப் பெறலாம். எதற்காகக் கொடுத்தேனோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். என்னிடம் கேட்பவர் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அக்கம்பக்கம் உறவாகும். இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும், அது உளவாகும்.

நடைமுறையிலும் இந்த அளவுகோல் உதவும். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுக்கு ஒருவர் என்று கணவர்களின் எண்களே இருந்தால், எச்சரிக்கை வரும் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரியாது. அவர் எண்ணையும் சேர்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர்களோடு நிற்காமல் வாடகைக்கு இருப்பவர்களையும், கட்டட வேலைக்கு வந்து கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களையும் சேர்க்க வேண்டும். யார் எப்போது வந்தார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடம் கூடாது. 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களைக் காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும், போன் அணைந்த பிறகும் அது இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்களாகச் சேர்ந்து தெருவில் கதவு கதவாகப் போகலாம். மழைக்காலத்தில் என்ன தேவைப்படும் என்று கேட்கலாம். சொல்ல விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று துருவ வேண்டாம். அவர் எண்ணை வாங்க வேண்டாம்; நம் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.