மறுபடியும் வாங்குவோமா?

வீட்டில் ஃபிரிட்ஜ் போய்விட்டால் "இன்னொண்ணு தேவையா?" என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், பழையதுக்கு எவ்வளவு கழிப்பான் என்று பேச்சு நேராக அங்கே போய்விடும். மிக்ஸி போனாலும் அப்படித்தான். கிட்டார் போனால் மட்டும் வீடு நிதானமாகிவிடுகிறது. "இப்போ எதுக்குங்க?" என்கிறார் மனைவி. அதில் கோபமோ குத்தலோ கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

முதல் கிட்டாரை வாங்கியபோது இந்தக் கேள்வி எழவில்லை. இருபத்தைந்து வயதில் வாங்குகிற எதற்கும் வயசே ரசீது. ஐம்பதைத் தாண்டியபின், அதுவும் போனதற்குப் பதிலாக ஒன்று வாங்கும்போது அந்தச் சலுகை கிடையாது. அதன் தொல்லைகள் எல்லாம் இப்போது அத்துப்படி. தெரிந்தும் வாங்குவோமா என்பதுதான் கேள்வி. படிப்பு, வேலை, ஊர் என்று பெரிய விஷயங்களையெல்லாம் தெரியாத வயதில் ஒரே ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டோம். அவற்றை மறுபடி தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் வந்து நிற்பதில்லை, நல்லவேளை. இந்த ஒரு மரப்பெட்டி விஷயத்தில் மட்டும் அந்த வாய்ப்பு வந்தது, 15,000 ரூபாய் உச்சவரம்போடு.

என்னுடையது பன்னிரண்டு தந்திக் கிட்டார். ஆறு இடத்தில் ஆறு ஜோடி. மந்தர ஸ்தாயிப் பக்கத்து நாலு ஜோடிகளில் ஒரு தடித்த தந்தியும், அதன் தோளோடு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தியும் இருக்கும். மிச்ச இரண்டு ஜோடிகளில் தந்திகள் இரண்டும் ஒரே சுருதி. வேடிக்கை என்னவென்றால், வாத்தியத்திலேயே உயரமான சுருதி ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. மூன்றாவது ஜோடியின் மெல்லிய ஜி தந்தி, முதல் தந்தியைவிட மேலே ஒலிக்கும். அதன் கனம் 0.008 அல்லது 0.009 அங்குலம். முதலில் அறுவதும் அதுதான். பாமாலை மூன்றாம் சரணத்தில் 'டிங்' என்று அறுந்து, ஆராதனை முடியும்வரை தலைப்பக்கத்தில் சுருண்டு ஆடிக்கொண்டிருக்கும். சபையில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழக்கம்.

ஒரே சுருதி என்று வைத்தாலும் இரண்டு தந்திக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இருந்தே தீரும். அந்த வித்தியாசம்தான் ஒலியில் அலையாக எழும்புகிறது. இன்னும் கொஞ்சம் விலகினால் அபஸ்வரம். இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து பன்னிரண்டு கீயைத் திருகிக்கொண்டிருப்பதில் பாதி ஆயுள் போகிறது என்பது இந்த வாத்தியக்காரர்களைப் பற்றி உலகெங்கும் ஓடுகிற பழைய கிண்டல். உண்மைதான்.

பழையது போனது திடீரென்று இல்லை. சாதாரண ஆறு தந்திக் கிட்டாரின் தந்திகள் எல்லாம் சேர்ந்து அதன் மேற்பலகையை ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. பன்னிரண்டில் அது 100 கிலோவைத் தாண்டிவிடும். வாசிக்காமல் சுவரில் மாட்டியிருந்தாலும், நாம் ஊருக்குப் போயிருந்தாலும், இரவு முழுக்கவும் அந்த இழுவை ஓய்வதில்லை. சென்னையின் 2015 டிசம்பர் மழையின்போது நாங்கள் முடிச்சூரில் குடியிருந்தோம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்த அந்த ராத்திரி அடையாறு வீட்டுக்குள் வந்தது. பீரோ, மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாம் போயின. பரணில் கிடந்த கிட்டார் பிழைத்துக்கொண்டது. பிறகு சேலையூர் பக்கம் மாறினோம். வெள்ளத்துக்குத் தப்பிய அதே கிட்டார், பல வருஷம் கழித்துத் தன் சொந்தத் தந்திகளிடமே தோற்றது. தந்திகள் பலகையோடு சேரும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை எண்ணெயில் போட்ட அப்பளமாய் எழும்பி, கழுத்து முன்னால் சாய்ந்து, தந்திகள் ஃபிரெட்டைவிட்டு எட்டிப்போய், பாரே கார்டு பிடித்தால் மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது.

மவுண்ட் பக்கம் ஒரு பெரியவர் வயலினும் கிட்டாரும் ரிப்பேர் பார்க்கிறார். வாங்கி மடியில் வைத்து, கழுத்தின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நீட்டி வைத்தார். அதன் நுனி பிரிட்ஜின் தலையில் வந்து உட்கார வேண்டும். என்னுடையதில் அது பிரிட்ஜுக்குக் கீழே போய் மரத்தில் இடித்தது. "கழுத்தக் கழட்டி ரீசெட் பண்ணலாம் சார். பிரிட்ஜும் எடுத்து ஒட்டணும். ஆனா நான் கேக்கிற கூலிக்கு நீங்க வேற ஒண்ணு பாத்துக்கலாம்" என்றார். வருகிற வேலையை வேண்டாமென்று சொல்கிற மனுஷர்.

சரி, எதற்காக மறுபடி பன்னிரண்டு? ஆறு தந்தியோடு நிறுத்திக்கொண்டால் பட்ஜெட்டுக்குள் நல்லதே கிடைக்கும். ஓ.எம்.ஆரில் திருப்போரூர் வட்டாரத்தில் யமஹாக்காரர்கள் கிட்டார் தொழிற்சாலையே வைத்திருக்கிறார்கள். நம் தெற்குப் பக்கத்திலேயே செய்து வருகிற ஆறு தந்தி, கொடுக்கிற காசுக்கு மோசமில்லை. புத்தி அந்தப் பக்கம்தான் கையைக் காட்டியது.

இந்த இடத்தில்தான் பட்ஜெட் ஒரு நல்ல காரியம் செய்கிறது. கை நிறையக் காசிருந்தால் எல்லாம் உள்ளதை வாங்கிவிட்டு, எது பிடிக்கும் என்று யோசிக்காமலே காலம் தள்ளலாம். காசு குறைவென்றால் எதை விடலாம் என்று கேட்டாக வேண்டும், அதற்கு இத்தனை வருஷம் அந்தக் கிட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். தனி வாசிப்பு எதுவும் செய்ததில்லை. சினிமாப் பாட்டின் இடையிசையை ஒழுங்காக எடுத்ததில்லை, அதற்கு இந்த வாத்தியம் ஒத்துவரவும் வராது. எதை விடுவது என்பதற்கு மாண்டலின் ஒரு உதாரணம். அது பிறவியில் நாலு ஜோடி, எட்டுத் தந்தி. கர்நாடக சங்கீதம் வாசித்த யூ. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின் மாண்டலின் வைத்துக்கொண்டார். ஜோடியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு இழுபடாது, கமகம் சேறாகிவிடும். இரட்டை என்பதே கமகத்துக்கு விரோதி. அவருக்கு வேண்டியது கமகம், ஆகவே விட்டது ஜோடியை. எனக்கு வேண்டியது வேறு.

நான் செய்ததெல்லாம் கார்டு போட்டதுதான். ஞாயிறு ஆராதனை, சாயங்காலம் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம், முக்கியமாக டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். டெம்போ டிராவலரில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து, கேம்ப் ரோடு, மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்று வீடு வீடாகப் பாடிக்கொண்டு நடுராத்திரி தாண்டிச் சுற்றுவோம். கீபோர்டு எடுத்துப்போனால் பிளக் பாயின்ட் தேட வேண்டும். ஆறு தந்திக் கிட்டாரை அத்தனை தொண்டையும் ஒரு தபேலாவும் சேர்ந்து விழுங்கிவிடும். பன்னிரண்டு தந்தி மட்டும் எந்த ஆம்ப்ளிஃபையரும் இல்லாமல் அந்தத் தெருவில் தலைதூக்கி நிற்கும்.

அதுவும் புதுசில்லை. அமெரிக்காவில் லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகரைப் பன்னிரண்டு தந்தியின் ராஜா என்றார்கள். நாட்டுப்பாடல் சேகரித்த லோமாக்ஸ் தந்தையும் மகனும் 1933-இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் வைத்து அவரது பாட்டை ஒலிப்பதிவு செய்தார்கள். அவர் வாசித்த ஸ்டெல்லா மலிவு விலைக் கிட்டார் வகை. தெருவிலும் நாட்டிய அரங்கிலும் தனியாளாக நின்று சத்தம் எழுப்ப வேண்டியவர்களின் கருவியாகத்தான் அது அங்கே பரவியது. அவர் சுருதியை வழக்கத்தைவிட நன்றாகவே இறக்கி வைத்து வாசித்தார். இது எனக்குப் பெரிய சமாதானம். ஒரு முழுச் சுரம் இறக்கினாலே தந்தியின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 100 கிலோ என்பது 80 ஆகும். பாட்டு மேலே போக வேண்டுமென்றால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை. தாம்பரத்திலிருந்து லோக்கலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி அங்கே போய்ப் பியானோவையும் கிட்டாரையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எங்கள் தலைமுறையின் பொழுதுபோக்கு. இந்தத் தடவையும் போனேன். கடை கடையாக வாசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. மேற்பலகை ஒரே மரத்தில் செய்த நல்ல பன்னிரண்டு தந்திகள் என் வரம்புக்கு வெகு மேலே இருக்கின்றன. வரம்புக்கு வெகு கீழே இருப்பவை, ஆறு தந்திக்குச் செய்த உடம்பில் பன்னிரண்டு கீ வைத்தவை. இந்த வாத்தியத்தில் நாம் காசு கொடுப்பது இனிமைக்கு இல்லை, அந்த இழுவையைத் தாங்குகிற உடம்புக்கு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் விடவில்லை. பழைய டிரங்க் ரோட்டில் மீன்தொட்டிக்கும் இரும்புக் கட்டிலுக்கும் நடுவே ஒரு கிட்டார் சாய்ந்திருந்தது. கழுத்தில் ஆணி அடித்திருந்தார்கள்.

நடுவில் ஒரு மாற்று யோசனையும் வந்தது. பன்னிரண்டு தந்தி செட் ஒன்று வாங்கி, அதிலுள்ள மெல்லிய ஆறைத் தனியே பிரித்து இன்னொரு சாதாரணக் கிட்டாரில் போடுவது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வெகுகாலமாகச் செய்கிற வேலைதான், நாஷ்வில் ட்யூனிங் என்பார்கள். கொயரில் கல்லூரிப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் கிட்டாரில் அதைப் போட்டு, நான் தடித்த தந்தியில் அதே கார்டை வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டால் பன்னிரண்டுதான். "அங்கிள், சூப்பரா இருக்கு, செலவே இல்ல" என்றான். ஆளுக்குப் பாதி. கேட்க நன்றாகவே இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து மொட்டைமாடிக்குப் போகும்போது என் கையில் பாதிதான் இருக்கும். சேர்ந்து வாசிப்பதன் மகிமையைப் பற்றி யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, ஞாயிறுதோறும் அதைத்தான் செய்கிறேன். தனியாக இருக்கும்போது முழுசாக இருக்க வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதானே.

மனைவிக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ புதுசு வேணாம், யாராவது வாசிக்காம வச்சிருப்பாங்க பாருங்க" என்றார். பட்டுப்புடவை முதல் தையல் மெஷின் வரை அவர் உலகத்தைப் பார்க்கிற விதம் அது. அனேகமாகச் சரியாகவே இருக்கும்.

மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தது. விற்கிற பையன் ஐ.டி.யில் வேலை. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டின் தொடக்கம் பன்னிரண்டு தந்தியில், ஏழாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு வாசித்தது என்று தெரிந்து ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான். அந்த ஒரு பாட்டுக்காக. விரல் நுனி தடித்துப்போவதற்குள் பொறுமை போய்விட்டது. நானும் அந்த வயதில் அப்படித்தான் வாங்கினேன், என்னுடையது என்னவோ ஒட்டிக்கொண்டது. இதில் திறமை, உறுதி என்று பெருமை பேச எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கொரியக் கம்பெனி, இந்தோனேசியத் தயாரிப்பு, பிளை ஒட்டிய மேற்பலகை. ஒரே மரப் பலகைதான் உசத்தி என்று எல்லாரும் சொல்வார்கள். ஒலியில் உசத்திதான். ஆனால் நம் கடலோரக் காற்றில், மார்கழிப் பனியில் டெம்போவின் பின்சீட்டில் கிடக்கப்போகிற சாமானுக்கு ஈரத்தில் அதிகம் அசையாத பிளைதான் பொருத்தம். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நுனி பிரிட்ஜின் தலையில் வந்து உட்கார்ந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ளங்கையால் தடவினேன், மேடு இல்லை. தந்திகள் ஏறி நிற்கும் சேடில், இறக்குவதற்கு இடம் வைத்து நின்றது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டெடுத்த சுரமும் ஒத்துப்போயின. பன்னிரண்டு கீயையும் ஒவ்வொன்றாகத் திருகினேன். ஒன்று இறுக்கம். அந்த ஒரு கீயைச் சொல்லி 500 குறைத்தேன். 10,500-க்கு முடிந்தது. பிக்கப் இல்லை, பளபளப்பு இல்லை, உறை கிழிந்திருந்தது.

மிச்சப் பணத்தில் கனம் குறைந்த தந்தி செட் இரண்டு, உதிரியாக ஜி தந்திகள், கேப்போ, உறைக்குள் போட சிலிக்கா ஜெல். மவுண்ட் பெரியவர் சேடிலைத் தேய்த்து இறக்கிக் கொடுத்துவிட்டு, "மேல ஏத்தாதீங்க சார், டி-யிலயே வச்சிக்கோங்க" என்றார். கொயர் மாஸ்டருக்கு இதில் சம்மதமில்லை. மற்ற எல்லாரும் இ-யில் இருக்கும்போது நான் மட்டும் கேப்போவைச் செருகிக்கொண்டு நிற்பது பார்க்க ஒழுங்காக இல்லையாம். கேரல் ரிகர்சல் நவம்பரில் தொடங்குகிறது, அப்போது பேசிக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறேன்.