கூடு அடைக்கும் நேரம்



நம் பங்கில் கோழி வளர்க்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் திருவிழா வரியும் கோழி விற்ற காசில் வந்த வீடுகள் இங்கே எத்தனையோ. அதனால்தான் வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் இப்போது ஒரே பேச்சு: கீரி வந்துவிட்டது, மரநாய் வந்துவிட்டது, ஒரே இரவில் கூடு காலி. சற்றுமுன் நாம் கேட்ட லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்திலும் ஒரு நரி வருகிறது, ஒரு கோழி வருகிறது. ஆகவே நம் கொல்லைப்புறத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோழிக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. பொழுது சாயும்போது யாரும் கூப்பிடாமலே கூட்டுக்கு வந்துவிடும். இருட்டிய பிறகு யார் பிடித்தாலும் ஓடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். மரநாய் வருவதும் அந்த நேரத்தில்தான். பகலில் வருகிற கீரிக்குச் சிறு சந்து போதும், தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். பெருச்சாளி அடியில் தோண்டும், பாம்பு முட்டைக்கு வரும், பருந்து மேலிருந்து இறங்கும். கடையில் கோழிவலை என்று தருகிற மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். தெருநாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனாலும் வாங்குங்கள். அதை மண்ணுக்குள் ஓரடி இறக்குங்கள். முடியாவிட்டால் கூட்டைச் சுற்றி வெளிப்பக்கம் ஓரடிக்கு மேல் தரையில் விரித்துக் கல் வைத்து அமுக்குங்கள். தோண்டுகிற பிராணி கூட்டோரமாகத்தான் தோண்டும், கம்பி தட்டுப்பட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். மேலே பழைய மீன்வலையைக் கட்டலாம். பஞ்சாரம் பகலில் குஞ்சுகளுக்கு நல்லது. இரவில் அதை நாய் கவிழ்த்துவிடும்.

இத்தனையும் செய்த வீடுகளிலும் கோழி போயிருக்கிறது. கேட்டால், கதவு திறந்து கிடந்தது என்கிறார்கள். அப்பா அடைத்திருப்பார் என்று அம்மா இருந்தார், அம்மா அடைத்திருப்பாள் என்று அப்பா இருந்தார். சகோதரரே, சகோதரிகளே, நம் பிள்ளைகள் விஷயத்திலும் இப்படித்தானே இருக்கிறோம்? பொழுது சாய்ந்த பிறகு மகன் எங்கே போகிறான், யாரோடு உட்காருகிறான், அவன் வாயில் என்ன வாடை வருகிறது? மகள் சில நாட்களாகச் சாப்பிடாமல் படுக்கிறாளே, ஏன்? யாராவது கேட்டிருப்பார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். இன்று மாலை நீங்கள் கேளுங்கள். அதட்டிக் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இதைச் சொல்லும்போதே சிலர் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். கேட்டவர்கள் நீங்கள். கண்விழித்துக் காத்திருந்தவர்கள், முழங்காலில் நின்று மன்றாடியவர்கள். ஆனாலும் பிள்ளை போய்விட்டான். உங்களுக்காகவே இந்த நற்செய்தி இருக்கிறது.

ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான், போய்விடும் என்று பரிசேயர் சிலர் வந்து சொல்கிறார்கள். திருமுழுக்கு யோவானைக் கொன்ற ஏரோது அவன். இயேசு அவனை நரி என்கிறார். அடுத்து எருசலேமை நினைத்துக் கலங்கி, குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்க்கிற கோழியைப் போல உன் பிள்ளைகளைச் சேர்க்க எத்தனை முறை ஆசைப்பட்டேன் என்கிறார். பருந்தின் நிழல் விழுந்ததும் தாய்க்கோழி எழுப்புகிற அந்தக் குரலை நாம் கேட்டிருக்கிறோம். சிறகை விரித்து நின்று கூப்பிடும். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும், கோழியால் அது முடியாது. கூப்பிடலாம், இடம் கொடுக்கலாம், குஞ்சுக்கும் பருந்துக்கும் நடுவில் நிற்கலாம். ஓடிவர வேண்டியது குஞ்சுதான். நம் ஆண்டவரே கூப்பிட்டும் எருசலேம் வரவில்லை. அம்மா, அப்பா, உங்கள் அன்பில் குறை இருந்ததால்தான் பிள்ளை போனான் என்று உங்களை நீங்களே வதைக்காதீர்கள். குறையே இல்லாத அன்புக்கும் இது நேர்ந்தது. ஒலிவ மலையில், ஆண்டவர் எருசலேமைப் பார்த்து அழுததை நினைவுகூரும் சிறிய ஆலயம் ஒன்று இருக்கிறது. 1955-இல் கட்டி முடித்தார்கள். அதன் பீடத்தின் முன்புறத்தில் குஞ்சுகளோடு சிறகு விரித்து நிற்கிற கோழியை வண்ணக் கற்களால் பதித்திருக்கிறார்கள். அந்தப் பீடத்தில்தான் திருப்பலி நடக்கிறது. சிலர் வராமல் போனதற்காக அவர் சிறகை மடக்கிக்கொள்ளவில்லை. எட்டிப்போன குஞ்சு கடைசியாக ஓடிவந்தாலும் அதே சிறகுதான், அதே சூடுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழியை இழந்த ஆத்திரத்தில் சிலர் இறைச்சியில் குருணை மருந்தைக் கலந்து வைக்கிறார்கள், வேலியில் மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். வேண்டாம். அந்த மருந்து நாயையும் பருந்தையும் எலி பிடிக்கிற ஆந்தையையும் சேர்த்துக் கொல்லும். மின்வேலியில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். கீரியும் மரநாயும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிற உயிர்கள். சட்டத்தை விடுங்கள், நம் வயலில் எலியையும் பாம்பையும் பிடிப்பது அந்தக் கீரிதானே? அதற்கும் குட்டிகள் உண்டு. காட்டு விலங்கும் இறைவனிடமே இரை தேடுகிறது என்று 104-ஆம் திருப்பாடலில் மன்றாடுகிறவர்கள் நாம். கூட்டைக் கெட்டியாக்குவோம், யாரையும் கொல்ல வேண்டாம்.

நெடுநாளாகத் திருப்பலிக்கு வராமலிருந்து இன்று வந்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன், மனம் நிறைகிறது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. திருப்பலி முடிந்ததும் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக உட்கார்ந்திருப்பேன். நேரமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், கடைசி ஆள் வரும்வரை இருப்பேன்.

கோழிகளையே நம்பிப் பிழைக்கிற நம் கைம்பெண் சகோதரி ஒருவர் போன வாரம் எல்லாவற்றையும் இழந்துவிட்டார். வருகிற சனிக்கிழமை காலை அன்பிய இளைஞர்கள் அவருக்குப் புதிய கூடு அடித்துக் கொடுக்கிறார்கள். கம்பிவலைச் செலவைப் பங்கு ஏற்கும். வீட்டில் அடைக்கோழி இருக்கிறவர்கள், 21 நாளில் குஞ்சு பொரித்து வளர்ந்ததும் ஒரு சோடியை அவருக்கென்று ஒதுக்குங்கள். சுத்தியலும் கம்பி வெட்டும் குறடும் இருக்கிறவர்கள் சனிக்கிழமை மறக்காமல் கொண்டுவாருங்கள்.