மண்ணும் ஓர் அமானிதம்

ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும், செய்வதைச் செய்து இறைவனிடம் பொறுப்பளிப்பதும் ஒன்றாகுமா? இவ்வினாவுக்கு நம் வீட்டுக் கொல்லையிலேயே விடை தேடலாம்.

பல்லடம் வட்டாரத்தில் பல இடங்களில் ஆழமற்ற செம்மண்; அதன் அடியில் சுக்கான் கல். மலைமறைவுப் பகுதியாதலால் தென்மேற்குப் பருவமழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றோ, மூடாக்கில்லாத மேல்மண்ணை வாரிச் செல்கிறது. இத்தகைய மண்ணைக் கண்டதும் நாம் ஆழக் கொத்திப் புரட்டுகிறோம். அல்லது எங்கோ வெட்டிய மண்ணை லாரியில் வாங்கிக் கொட்டுகிறோம். புரட்டும்போது மண்புழுக்களின் வளைகளும் வேரோடு வாழும் பூஞ்சை இழைகளும் சிதைகின்றன. மக்கு விரைவில் கரைகிறது. வாங்கும்போதோ, நம் கொல்லை செழிக்க இன்னொரு நிலம் பள்ளமாகிறது.

கொத்தாத வழியும் உண்டு. தரையை நனைத்து அட்டைகளைப் பரப்பி, அதன்மேல் நன்கு மக்கிய எருவும் அரையடி சருகும் இட்டால் போதும். ஈரம் தங்கும், களை அடங்கும், மண்புழு தானே உழும். ஓரிரு ஆண்டுகளில் மண் இளகும். பண்ணைகளின் கோழி எருவை மக்கவைத்தே இடவேண்டும். இல்லையேல் வேர் கருகும். கரையானுக்கு அஞ்சிச் சுவரையும் செடித்தண்டையும் விட்டுச் சற்றுத் தள்ளியே சருகு பரப்பவேண்டும். மாட்டுக்குரிய சோளத்தட்டை இதற்கெனப் பறித்தல் முறையன்று. எரித்துவிடும் சருகே போதும்.

இது கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் அம்மேய்ச்சல் நிலங்களை ஆண்டுதோறும் உழுவதில்லை. உழவைப் போற்றிய வள்ளுவரும் ஏருக்கு மேலாக எருவையே வைத்தார்.

உழைப்பைப் போற்றும் மார்க்கத்தவர் மண்வெட்டியைக் கீழே வைப்பது சோம்பலாகாதா எனச் சிலர் வினவலாம். 1988இல் மகசேசே விருது பெற்ற ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகா உழாமலே பயிர் செய்தவர். அவரே இளமையில் தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்துச் செய்யாமல் விட்டபோது, கிளைகள் பின்னி, பூச்சி பெருகி, மரங்கள் பட்டுப்போயின. மனிதன் பழக்கிய மரத்தைத் திடீரெனக் கைவிடுவது இயற்கை வேளாண்மை ஆகாது என்பதை அவர் அதிலிருந்து கற்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பளிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் பொருளும் இதுவே. மண்ணைப் போர்த்துவது ஒட்டகத்தைக் கட்டுவது. மண்ணுக்குள் நடப்பதை, அங்கே வாழும் எண்ணற்ற உயிர்களைப் படைத்தவனிடம் விடுவதே தவக்குல். போர்த்தாமல் விடுவது சோம்பல். போர்த்திய பின்னும் ஓயாமல் கிளறுவது அவநம்பிக்கை.

மண்ணிலிருந்து படைக்கப்பட்டு மண்ணுக்கே மீளும் நாம், இடையில் சில காலம் அதற்குப் பொறுப்பாளர்கள். ஒருவர் நட்டதைப் பறவையும் விலங்கும் உண்டாலும் அது அவருக்குத் தருமமாகும் என்பது நபிமொழி. அப்படியாயின், வரும் தலைமுறை நடுவதற்கேற்ற மண்ணை விட்டுச் செல்வதும் நற்செயலே அன்றோ? அடுத்த முறை சருகுக் குவியலுக்குத் தீ வைக்குமுன், இதை எண்ணிப் பார்ப்போமாக!